எக்செல் புள்ளிகளை கூகுள் எர்த்தில் கோடாக்க உதவி தேவை

வணக்கம். பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகும் கால்வாயையும் கிளைகளையும் கூகுள் எர்த் ப்ரோவில் கோடாக வரைய வேண்டும். எக்செல்லில் 2,400 புள்ளிகள்; கிளை எண், அட்சரேகை, தீர்க்கரேகை என மூன்று பத்திகள்.

அதை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) நேரே இம்போர்ட் செய்தால் புள்ளிகள்தான் வரும், கோடு வராது. அதனால் கேஎம்எல் (கூகுள் எர்த் படிக்கும் உரைக் கோப்பு). அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தீர்க்கரேகை முதலில், காற்புள்ளி, அட்சரேகை, காற்புள்ளி, 0. நடுவில் இடைவெளி கூடாது. (மாற்றிப் போட்டால் வேலூர் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் பக்கம் போய் உட்காரும்!) கோட்டைத் தரையோடு ஒட்டவைக்கும் டெசலேட் 1 கொடுத்தாயிற்று, இல்லாவிட்டால் நீளமான துண்டுகள் மண்ணுக்குள் புதைந்துவிடும்.

சிக்கல், எல்லாப் புள்ளிகளையும் ஒரே செல்லில் சேர்க்கும் டெக்ஸ்ட்ஜாய்ன் சூத்திரத்தில். 6 தசம இடத்தோடு புள்ளிக்கு 22 எழுத்து. ஒரு செல் 32,767 எழுத்துதான் தாங்கும். 1,489 புள்ளியைத் தாண்டினால் வேல்யூ பிழை. தசமத்தை 4 ஆக்கினாலும் 43,000 எழுத்து வரும், கோடும் சில மீட்டர் கரையை விட்டு விலகும்.

கிளை எண் மாறும் இடத்தில் பழைய லைன்ஸ்ட்ரிங்கை (கேஎம்எல்லில் ஒரு கோட்டுக்கான குறிச்சொல்) மூடி, புதியதைத் திறக்கும் சூத்திரம், மேக்ரோ இல்லாமல், வரிக்கு ஒரு புள்ளியாக யாரிடமாவது இருக்கிறதா? செல்லுக்குள் வரி உடைத்தால் நோட்பேடில் ஒட்டும்போது மேற்கோள் குறி ஒட்டிக்கொள்கிறது, அதையும் தவிர்க்க வேண்டும்.