எழுத்து அமுங்குற மாதிரி தமிழ்ல கல்யாணப் பத்திரிகை – மதுரையில முடியுமா?

வைகைக்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்குத் தை மாசம் கல்யாணம், பசுமலைப் பக்கம் மண்டபம். ஊர்ல வைக்க வழக்கமான மஞ்சள் பத்திரிகை தனியா அடிச்சுக்கிறோம். அது போக, நெருங்கின சொந்தத்துக்கும் நண்பர்களுக்கும் 400 பத்திரிகை கொஞ்சம் நல்லாப் பண்ணணும்னு ஆசை.

பெங்களூர் நண்பன் கல்யாணத்துக்கு ஒரு கார்டு வந்துச்சு. தடிமனான, பஞ்சு மாதிரி தாள். எழுத்தெல்லாம் தாளுக்குள்ள அமுங்கி இருக்கு, கண்ண மூடிக்கிட்டு விரலாலயே படிச்சிடலாம் போல. ஆனா முழுக்க இங்கிலீஷ். எனக்கு அது தமிழ்ல வேணும்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில கேட்டேன். "லெட்டர்பிரஸ்தானே, பண்ணித் தர்றோம்"னு ஒரு மாதிரி எடுத்துக் காட்டுனாங்க (மேடான எழுத்துல மை தடவித் தாள்ல அமுக்குற அச்சுக்கு அந்தப் பேராம்). அதுல எழுத்து பளபளன்னு மேல தூக்கிக்கிட்டு நிக்குது. "உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒண்ணுதான் சார்"னு சொல்லிட்டாங்க.

சிம்மக்கல்ல ஒரு சந்துக்குள்ள தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட பழைய டிரெடில் மிஷின் (லெட்டர்பிரஸ் அடிக்கிற சின்ன அச்சு மிஷின்) ஓடுது. பில் புக்குக்கு நம்பர் போடுறது, கிழிக்கிற ஓட்டை போடுறது, அவ்வளவுதான் வேலை. மூலையில ஈய எழுத்து கேஸ் (எழுத்துக்கு ஒரு அறைன்னு பிரிச்ச பெட்டி) தூசியோட கிடக்கு. அதை வச்சே பண்ண முடியுமா? எந்தத் தாள் வாங்கணும்? தங்க ஃபாயிலும் சேர்க்கலாமா? பாட்டி நாலு மூலையிலயும் மஞ்சள் தடவாம விடாது, அதையும் தாள் தாங்கணும்.

சிவகாசித் தம்பி எழுதியது:

அண்ணே, 400-க்கு இவ்வளவு மெனக்கெடணுமா? ஆஃப்செட்ல அடிச்சு பேருக்கு மட்டும் எம்பாஸ் (பின்னால இருந்து தள்ளி எழுத்தை மேடாக்குறது) போட்டா முடிஞ்சது. இங்க வந்தீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள மாதிரி எடுத்துரலாம். மதுரையில இருந்து ரெண்டு மணி நேரம்தான்.

பழைய கம்பாசிட்டர் எழுதியது:

எம்பாஸ் நல்ல வேலைதான், குறை சொல்லல. ஆனா தம்பி கேக்குறது அது இல்ல.

மாசி வீதிகள்ல ரெண்டு மூணு அச்சகத்துல அச்சுக்கோத்தவன் நான். முதல்ல அந்தக் கடைக்காரர் காட்டுனது என்னன்னு சொல்லிடறேன். ஈர மை மேல ரெசின் பொடியத் தூவி, சூட்டுல உருக்கினா எழுத்து புடைச்சு நிக்கும். தெர்மோகிராபின்னு பேரு. கார்டைத் திருப்பி முதுகைத் தடவிப் பாருங்க. தட்டையா இருந்தா தெர்மோகிராபி. எழுத்துக்கு நேர் பின்னால குழிஞ்சிருந்தா எம்பாஸ். முன்னால பள்ளம், பின்னால லேசா மேடு இருந்தா அதுதான் நீங்க தேடுற அழுத்த அச்சு. கடைக்காரர் என்ன பேரு வேணா சொல்லட்டும், முதுகு பொய் சொல்லாது.

அடுத்தது, எங்க காலத்துல இந்தப் பள்ளம்தான் கெட்ட பேரு. சோதனைக்கு அடிச்ச புரூஃப் தாளைத் திருப்பி விரல ஓட்டும்போது மேடு தட்டுச்சுன்னா, "தாளைக் குத்துறியா, அச்சடிக்கிறியா?"ன்னு முதலாளி கேப்பார். மை தாள்ல பட்டும் படாம உக்காரணும், அதுதான் தொழில் சுத்தம். காரணம் அழகு மட்டும் இல்ல. ஈயம், ஆண்டிமனி, வெள்ளீயம் மூணும் சேர்ந்த கலவை அந்த எழுத்து. மிருதுவானது. அழுத்தி அழுத்தி அடிச்சா முகம் மழுங்கிப்போகும், அடுத்த வேலைக்கு ஆகாது. இன்னிக்கு அந்த எழுத்தைப் புதுசா வார்த்துத் தர்ற ஆளைத் தேடணும். சிம்மக்கல்காரர் கேஸ்ல மிச்சம் இருக்கிறதை 400 கார்டுக்குக் குத்திக் கெடுத்துடாதீங்க.

இன்னொண்ணு, கேஸ் முழுசா இருக்கவும் வாய்ப்பு கம்மி. தமிழ்ல கி, கீ, கு, கூன்னு தனித்தனி அச்சு. உயிரெழுத்து, கால், கொம்பு எல்லாம் சேர்த்தா 120-ஐத் தாண்டும், கிரந்தம் வேற. ஒரு அறையில 'ளு' தீர்ந்துபோயிருந்தா 'தங்களுக்கு' கோக்க முடியாது. கேஸ் ரொம்பப் பழசுன்னா துதிக்கை வச்ச 'லை', 'னை'யும், சுழிச்ச 'ணா', 'றா'வும் கிடக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தின எழுத்து. பெரியவங்க பார்த்தா சந்தோஷப்படுவாங்க, சின்னதுங்க 'இது என்ன எழுத்து'ன்னு கேக்கும்.

அதனால எழுத்து ஈயத்துல வேண்டாம். மிஷின் மட்டும் டிரெடில், எழுத்துக்குப் பாலிமர் பிளேட் (ஒரு வகை பிளாஸ்டிக் தகடு). கம்ப்யூட்டர்ல வடிவமைச்சு, நெகடிவ் ஃபிலிம் எடுத்து, புற ஊதா வெளிச்சம் காட்டி, தண்ணியில கழுவினா வெளிச்சம் பட்ட இடம் மட்டும் மேடா நிக்கும். பள்ளம் வேணும்னா 1.52 மி.மீ. பிளேட் கேளுங்க, 0.95-ல அவ்வளவு ஆழம் வராது. அடிக்கட்டை, ஒட்டுற ஷீட், பிளேட் மூணும் சேர்ந்த உயரம் 0.918 அங்குலம் இருக்கணும். அது ஈய எழுத்தோட உயரம், மிஷின் அதுக்குத்தான் செஞ்சது.

இப்ப தமிழுக்குன்னே உள்ள ஒரு சிக்கல். இங்கிலீஷ் கார்டு பண்றவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. பிளேட் கழுவும்போது முதல்ல போறது தனியா நிக்குற சின்னப் புள்ளி. இங்கிலீஷ்ல 'ஐ' மேல ஒரு புள்ளி போச்சுன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க. நமக்கு மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளி. 'வாழ்த்து' 'வாழத்து' ஆயிடும், 'அன்புடன்' 'அனபுடன்' ஆயிடும். புள்ளி தடிமனா உள்ள எழுத்துரு எடுங்க. 14 பாயிண்டுக்குக் கீழ போகாதீங்க. கோடு எதுவும் அரை பாயிண்டுக்கு மெலிசா வேண்டாம். ஞ, ண, இ மாதிரி சுழி நிறைஞ்ச எழுத்துக்குள்ள மை அடைக்கும், அதனால சுழி விரிஞ்ச எழுத்துருவாப் பாருங்க.

மையக் குறைச்சு ஓட்டச் சொல்லுங்க. ரோலர் தாழ ஓடுனா எழுத்தோட பக்கச் சுவர்லயும் மை ஏறி, அமுக்கும்போது ஓரத்துல பிசிறு தட்டும். ரோலர் உருளுற ரெண்டு தண்டவாளத்துலயும் டேப் ஒட்டி ரோலரை ஒரு மயிரிழை தூக்கிட்டா சரியாயிடும். சிம்மக்கல்காரருக்கு இது தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் சொல்லி வைங்க, நம்பர் போடுற வேலைக்கு யாரும் இதைப் பார்க்கிறதில்ல.

கடைசியா முக்கியமானது. நம்ம பத்திரிகையில எவ்வளவு எழுத்து! மேல பிள்ளையார் சுழி, மீனாட்சி சுந்தரேஸ்வரர் துணை, நிகழும் மங்களகரமான வருஷம், நட்சத்திரம், லக்னம், ரெண்டு வீட்டுப் பெரியவங்க, படிப்பு, உத்தியோகம், கீழ தாய்மாமன்மார், சித்தப்பாமார்னு ஒரு பட்டாளம். இவ்வளவையும் டிரெடில்ல பள்ளமா அமுக்க முடியாது. அழுத்தம் எழுத்துப் பரப்பு முழுக்கப் பிரிஞ்சு போயிடும். பள்ளம் விழலைன்னு இன்னும் இறுக்குனா வார்ப்பிரும்புச் சட்டம் விரிசல் விடும், அதை ஒட்டவைக்கிறது கஷ்டம். பொண்ணு மாப்பிள்ளை பேரு, நாள், நேரம், மண்டபம் இவ்வளவு மட்டும் தடிமனான கார்டுல. சொந்தக்காரங்க பட்டியல் மெலிசான தனித்தாள்ல, சாதாரண ஆஃப்செட்ல. மாமா பேரை விட்டுடாதீங்க, சண்டை வரும். ஆனா மாமா பேரு அமுங்கித்தான் இருக்கணும்னு அவசியம் இல்ல.

வைகைக்கரையான் எழுதியது:

ஐயா, கடையில காட்டுன அந்த மாதிரி கார்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு தட்டைதான்! ரொம்ப நன்றி. பட்டியலைத் தனித்தாள்ல போடுற யோசனைக்கு அம்மா சம்மதிச்சாச்சு, அப்பா இன்னும் யோசிக்கிறார். தாள் விஷயம் யாராவது சொல்லுங்களேன். கைத்தாள் நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார்.

கல்லுப்பட்டிக்காரி எழுதியது:

நான் பைண்டிங், பெட்டி வேலை பண்றேன், அச்சு அடிக்கிறதில்ல. தாளைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஆர்ட் கார்டு வேண்டவே வேண்டாம். மேல பூச்சு உள்ள தாள். அமுக்கினா பள்ளம் அழகா விழாது, மடிச்சா பூச்சு வெடிக்கும். பருத்தி நார்த் தாள், பூச்சு இல்லாதது, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்னு தாளோட கனம்) குறைஞ்சபட்சம். ரெண்டு பக்கமும் அடிக்கிறதா இருந்தா ஒரு பக்கப் பள்ளம் மறுபக்கம் தெரியும். அப்ப 300-ஐ ரெண்டா ஒட்டி 600 ஆக்கிடுங்க. தனித்தனியா அடிச்சிட்டு அப்புறம் ஒட்டுறது நல்லது.

கைத்தாள் அருமையா இருக்கும். பனியன் கம்பெனி வெட்டுத்துணியை ஊறவச்சு அரைச்சுத்தான் நிறையப் பேர் செய்றாங்க, நார் நீளமா, மெத்துன்னு இருக்கும். பாண்டிச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்துக்காரங்க ரொம்ப காலமா பண்றாங்க. (எங்க ஊரு காந்தி நிகேதன்ல காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்துல இருந்தார். வார்தாவுல அவர் நடத்துன கிராமக் கைத்தொழில் சங்கம் கைத்தாளுக்காக அவ்வளவு உழைச்சது. இங்க அதை நினைக்கிற ஆளுங்கதான் குறைவு.) வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, உருளையில விட்டு வழுவழுப்பாக்குன தாள் வேண்டாம். ஏற்கனவே அமுங்கிப்போன தாள் அது. எழுத்து நல்லாப் பதியும், பள்ளம் வராது.

ரெண்டு, கைத்தாளோட ஓரம் பிசிறு பிசிறா இருக்கும், அந்த அழகுக்குத்தான் வாங்குறோம். ஆனா மிஷின்ல தாள் போய் நிக்குற பின்னுல பிசிறு ஓரம் சரியா உக்காராது, ஒவ்வொரு தாளும் ஒரு மயிரிழை தள்ளி அடிக்கும். கீழ் ஓரத்தையும் ஒரு பக்க ஓரத்தையும் நேரா வெட்டிட்டு, மத்த ரெண்டையும் அப்படியே விடுங்க. ஒரே கட்டுல கூட கனம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். தாள்களை விரல்ல தடவி கனமானது, மெலிசானதுன்னு ரெண்டா பிரிச்சு வச்சு, தனித்தனியா ஓட்டினா பள்ளம் ஒரே மாதிரி வரும்.

ஃபாயில் பத்தி: சூடான டை (உலோக அச்சு) வச்சு அமுக்குற வேலை, 100 டிகிரிக்கு மேல. சொரசொரப்பான பருத்தித் தாள்ல மெலிசான எழுத்துக்கு ஃபாயில் போட்டா அங்கங்க விட்டுப்போகும். பிள்ளையார் சுழி, மேல சின்ன முத்திரை, அவ்வளவுக்கு மட்டும் வைங்க. மையும் ஃபாயிலும் ஒண்ணு மேல ஒண்ணு வராம பார்த்துக்கங்க, மை மேல அது சரியா ஒட்டாது.

மஞ்சள் விஷயத்துல பாட்டிகிட்ட நீங்க ஜெயிக்க மாட்டீங்க. தண்ணியில குழைச்ச மஞ்சள் பருத்தித் தாள்ல ஊறிப் பரவும், அப்புறம் எழுத்துப் பக்கம் வரைக்கும் வந்துடும். கெட்டியாக் குழைச்சு, விரல் நுனியால மூலையில ஒத்தி எடுக்கச் சொல்லுங்க. நாலு மூலையிலயும் அரை அங்குலம் எழுத்து இல்லாம விட்டு வடிவமைச்சிடுங்க. இன்னொண்ணும் செய்யலாம். 600 ஜி.எஸ்.எம். கார்டு நல்ல தடிமன், அதனால கார்டுகளை அடுக்கி மரச்சட்டத்துல இறுக்கி, ஓரத்துல மட்டும் மஞ்சள் மையை ஸ்பாஞ்சால ஒத்தினா சுத்தி மஞ்சள் கோடு வரும். இதுக்குப் பிசிறு ஓரம் ஆகாது, நாலு பக்கமும் வெட்டுன கார்டு வேணும். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிக்கங்க.

சிவகாசித் தம்பி எழுதியது:

அக்கா சொன்ன ஓர மை வேலைய நாங்களும் டைரிக்குச் செய்வோம். காய விடாம அடுக்கைப் பிரிச்சா தாள் ஒட்டிக்கும், ராத்திரி முழுக்கச் சட்டத்துலயே விட்டுருங்க.

வைகைக்கரையான் எழுதியது:

மஞ்சள் ஓரம்தான்! அப்பாவும் அதைக் கேட்டதும் சரின்னுட்டார். ஞாயித்துக்கிழமை சிம்மக்கல் போறேன். ஈய எழுத்தை ஒரேயடியா விட மனசில்ல. ஏதாவது சின்ன வேலைக்கு ஆகுமா ஐயா?

பழைய கம்பாசிட்டர் எழுதியது:

தாம்பூலப் பையில கட்டுற சீட்டுக்கு ஆகும். 'நன்றி', ரெண்டு பேரு, தேதி. நாலு வரி கோக்க அந்தக் கேஸ்ல எழுத்து இருக்கும். இதைக் குத்தாம, பட்டும் படாம அடிக்கச் சொல்லுங்க. நான் சொன்ன பழைய அழகு அதுல தெரியும், கார்டுல நீங்க கேக்குற புது அழகு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துக்கங்க.

பிளேட் பத்தி மறந்துட்டேன். ஈயத்துல தப்பு வந்தா ஒரு எழுத்தைப் பிடுங்கி வேற செருகிடலாம், மிஷின் மேல வச்சே. பிளேட்ல அது நடக்காது, முழுசும் திரும்பச் செய்யணும். ஃபிலிம் எடுக்குறதுக்கு முன்னாலயே தாள்ல எடுத்து வீட்டுல மூணு பேரு படிங்க. பிளேட் வந்ததும் பூதக்கண்ணாடி வச்சு, படிக்க வேண்டாம், புள்ளியை மட்டும் எண்ணுங்க. தாள்ல எத்தனை, பிளேட்ல எத்தனைன்னு. சரியா இருந்தா மிஷின்ல ஏத்தலாம். மேக்ரெடிக்கு (மிஷினைச் சரிபண்றதுக்கு) கூடுதலா ஒரு 40 தாள் எடுத்து வைங்க, பள்ளம் சரியா விழுற வரைக்கும் அதுல தான் ஓடும்.