ஓட்டுக் கூரைக்குக் கைமரம் எத்தனை அடி?

கேள்வி:
மாட்டுக்கொட்டகைக்கு ஓட்டுக் கூரை போடுகிறேன். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ் வரை 12 அடி, சுவர்மட்டத்திலிருந்து முகட்டு உயரம் 5 அடி. முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக வரும் கைமரம் எவ்வளவு நீளம் வேண்டும்?

பதில்:
செங்கோண முக்கோணம்தானே. 12-இன் வர்க்கம் 144, 5-இன் வர்க்கம் 25, கூட்டினால் 169. வர்க்கமூலம் 13 அடி. இறவாரத்துக்கு, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரத்துக்கு, ஒன்றரை அடி சேர்த்துக்கொள்ளுங்கள், சாரல் சுவரில் அடிக்கக் கூடாது.

இன்னொருவர்:
எங்கள் அப்பா தச்சாசாரி. வர்க்கமூலம் இல்லாமலே சொல்வார்: கிடை நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, உயரத்தில் பாதியைக் கூட்டு. பத்தரையும் இரண்டரையும் 13. எவ்வளவு அழகான கணக்கு!

முதலில் பதிலளித்தவர்:
அழகுதான், ஆனால் எல்லா அளவுக்கும் பொருந்தாது. இரண்டும் 10 அடி என்றால் 13.75 வரும், சரியான விடை சுமார் 14.14. மரம் கிட்டத்தட்ட 5 அங்குலம் குறைந்துவிடும். மரத்தை அறுப்பதற்கு முன் வர்க்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, 15 அடி மரமாகவே வாங்குகிறேன். நன்றி அண்ணா.