உலாவி அப்டேட்: நேரத்தைக் குறிப்பது யார்?

கோத்தகிரி சேவை மையம்:
வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வந்த அம்மா கைபேசியைப் பிடித்தபடி நிற்கிறார். ஓடிபி வந்துவிட்டது. புதிய டேப்பைத் திறந்தால், உலாவியை மறுதொடக்கம் செய்யச் சொல்லும் அறிவிப்பைத் தவிர எதுவும் வரவில்லை. மூடித் திறப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. அவருடைய எஸ்டேட் பஸ்ஸும் போய்விட்டது. நான் சொல்லாமல் எந்த அப்டேட்டும் இறங்கக் கூடாது என்பதே என் கட்சி.

கூடலூர் கணினிப் பழுது:
வேண்டாம் அக்கா. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் நிரலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. பொறி வைத்த படம் உள்ள பக்கத்தைத் திறந்தாலே தாக்குபவருக்கு வழி கிடைத்துவிடும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் அதே நிரல். திருத்தம் வெளிவருமுன்பே அதை வைத்துத் தாக்கியும் இருந்தார்கள். ஊரார் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தட்டச்சாகும் கணினி உங்களுடையது. அதில் அப்டேட்டைத் தள்ளிப்போடவே கூடாது.

உங்களுக்கு நடந்தது லினக்ஸ் கணினியில்தானே? விண்டோஸில் குரோம் புதிய பதிப்பைத் தனிக் கோப்புறையில் இறக்கி வைத்துவிட்டு, நீங்கள் மூடும்வரை பழையதிலேயே ஓடும். லினக்ஸிலோ மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேலாளர், ஓடிக்கொண்டிருக்கும் உலாவியின் கோப்புகளையே மாற்றிவிடுவதுண்டு. நினைவகத்தில் பழையது, வட்டில் புதியது. இரண்டும் ஒட்டாததால்தான் அந்த அறிவிப்பு.

கொடைக்கானல் விடுதி:
என் பழைய மேக்கின் கதை வேறு. அதன் உலாவியான சஃபாரி, மேக்கின் இயங்குதளமான மேக் ஓஎஸ்ஸோடு கட்டுண்டது. புதிய ஓஎஸ் ஏறாத மேக்கில் சில ஆண்டுகளில் சஃபாரியும் நின்றுவிடும். விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களும் 2023 பிப்ரவரியில் குரோம் 110 வந்தபோது 109-உடன் நின்றுபோனார்கள். அப்டேட்டே வராத எங்களைப் பற்றியும் பேசுங்கள்.

கோத்தகிரி சேவை மையம்:
ஓட்டையை அடைக்கட்டும் தம்பி, நேரத்தை நான் சொல்கிறேன். 2021-இல் குரோம் நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று மாறியது. 2023 முதல் இடையில் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்துகொண்டது. இங்கே எல்லாம் ஓடுவது மொபைல் டேட்டாவில். ஐப்பசி மழையில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிடும். அதையும் அப்டேட் எடுத்துக்கொண்டால் விண்ணப்பத்தை எப்படி அனுப்புவது?

கூடலூர் கணினிப் பழுது:
அதற்கு வழி உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் 22.04 பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் பொதியான ஸ்னாப் வடிவில் வருகிறது. ஸ்னாப் வழக்கமாக நாளுக்கு நான்கு முறை அப்டேட் தேடும்; அதை அதிகாலைக்கு மட்டும் என்று மாற்றலாம். விண்டோஸ் ஃபயர்பாக்ஸில், நிறுவுமுன் நம்மைக் கேட்கும் தேர்வு அமைப்புகளிலேயே இருக்கிறது.

கோத்தகிரி சேவை மையம்:
அதிகாலையில் எந்தக் கணினி ஓடும்? இடி இறங்கும் ஊரில் பிளக்கைப் பிடுங்காமல் நான் கடையைப் பூட்டுவதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் விண்டோஸ் குரோமுக்கு என்ன வழி? அதன் அமைப்புகள் பக்கத்தில் நேரம் குறிக்க இடமே இல்லை. அதை வைக்கும்வரை நான் சொன்னதில் மாற்றமில்லை.