புதுப்பிப்பு: ரோபோவின் முழங்கால் கோத்தகிரியிலேயே தயாராகிவிட்டது

எங்கள் மாணவர் குழு செய்யும் நாலு கால் ரோபோவுக்கு முழங்கால் மூட்டை அலுமினியத்தில் கடைந்து தர நீலகிரியில் ஆள் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கோவைக்குப் போகச் சொன்னீர்கள் பலர். வேலை கோத்தகிரியிலேயே முடிந்தது. தேயிலை ஃபேக்டரிகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர்களுக்குப் பல் தீட்டும் ஒரு லேத் பட்டறை அது. அந்தக் கைகளுக்கு நுணுக்கம் புதிதில்லை.

எடுத்தது 6061 என்ற அலுமினியக் கலவை. எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். வீசி நடக்கும் காலில் குறையும் ஒவ்வொரு கிராமும் மோட்டாருக்கு மிச்சம்.

மூட்டில் சுழலும் ஸ்டீல் பேரிங் 608 என்ற நம்பர் சைஸ். வெளிவிட்டம் 22 மி.மீ. அது உட்காரும் குழியில்தான் உண்மையான வேலை. ட்ரில் போட்டுவிட்டு, போரிங் டூலால் இழை இழையாக எடுத்தார் பட்டறை அண்ணன். நடுவில் நிறுத்தி, "தம்பி, இத எங்க ஓட்டப் போறீங்க?" என்றார். போட்டி கோவையில் என்றேன். இங்கைவிட அங்கே சூடு அதிகம். அருமையான கேள்வி அது! சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். 20 டிகிரி கூடினால் குழி பேரிங்கைவிடச் சுமார் 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதிகமாக அகலும். இறுக்கிப் பொருத்தும் பிடியே சில மைக்ரான்தான். ஆகவே பிடியை மட்டும் நம்பாமல் பேரிங் வெளியே நழுவாமல் தடுக்கும் சர்கிளிப் வளையத்துக்கு உள்ளே பள்ளமும் வெட்டிக் கொடுத்தார். இப்போது மூட்டு ஆட்டமில்லாமல் மடங்குகிறது.

பாதத்துக்கு ரப்பர் ஒட்டுவது பாக்கி. குன்னூர், ஊட்டிப் பக்கம் டயர் ரீட்ரெடிங் செய்பவர் யாராவது சின்ன வேலை எடுப்பார் என்றால் சொல்லுங்கள்.