24 மணி நேர டூட்டி: ஹவுஸ் சர்ஜனுக்குப் பயிற்சியா, நோயாளிக்கு ஆபத்தா?

சோதனைக்குழாய்:
அட்மிஷன் நாளில் காலை 8 மணிக்கு வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன் (எம்பிபிஎஸ் இறுதியில் பயிற்சியில் இருக்கும் இன்டர்ன்) மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்துதான் கிளம்புகிறார். விடியற்காலை நாலு மணிக்கு எடுக்கும் ரத்தத்தில்தான் தப்பு நுழைகிறது. ஊதா மூடிக் குழாயிலிருந்து சிவப்பு மூடிக்குக் கொஞ்சம் சாய்த்தாலே போதும்: ஊதாவில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ கலந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். இல்லாத கோளாறுக்கு வைத்தியம் தொடங்கிவிடும். நீல மூடியில் கோடு வரை நிரப்பாவிட்டால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) கூடுதலாகக் காட்டும். ரெசிடென்ட்கள் (ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள்) தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. எங்கே நடக்கிறது?

கேஸ்ஷீட்:
தம்பி, குழாயைச் சாய்ப்பது தூக்கக் கலக்கத்தால் மட்டும் வருவதில்லை. யாரும் சொல்லித்தராத புதுப்பையன் பகல் 11 மணிக்கும் செய்வான். அமெரிக்காவில் 2011-ல் இன்டர்ன்களுக்குத் தொடர்ச்சியாக 16 மணி நேரம்தான் என்று வைத்தார்கள், 2017-ல் 24-க்கே திரும்பினார்கள். ஷிப்ட் மாறும்போதெல்லாம் நோயாளி கைமாறுகிறார். டெங்குவில் காய்ச்சல் விடும் சமயத்து 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; ரத்தத்திலிருந்து நீர் கசிந்தால் கூடும்) 38, 41, 44 என்று ஏறுவது ஒரே ஆள் பார்த்தால்தான் உறைக்கும்.

சோதனைக்குழாய்:
அண்ணா, அந்த ஆள் விழித்திருக்க வேண்டுமே! 2004-ல் வெளிவந்த பாஸ்டன் ஐசியு ஆய்வில், ஷிப்டைக் குறைத்த முறையைவிடப் பழைய நீண்ட டூட்டியில் இன்டர்ன்களின் கடுமையான பிழைகள் சுமார் 36% கூடுதல்.

ஸ்டாஃப்நர்ஸ்:
இரண்டு டாக்டர்களும் ஹேண்டோவரை, அதாவது அடுத்த ஷிப்டிடம் நோயாளியை ஒப்படைப்பதை, விட்டுவிட்டீர்கள். "பெட் 14 டெங்கு, பார்த்துக்கோ" என்றால் இரவு வருபவர் எதைப் பார்ப்பார்? இப்படி எழுத வேண்டும்: "காய்ச்சல் விட்டு 10 மணி நேரம். பிசிவி 38, 41. அடுத்தது இரவு 12-க்கு. 44 தொட்டாலோ, மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் வித்தியாசம் 20-க்கு இறங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே பி.ஜி.யை (மேற்படிப்பு டாக்டரை) கூப்பிடவும்." வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ரத்தக்குழாயில் பெயரைப் படுக்கையருகிலேயே எழுத வேண்டும். மேசைக்கு வந்து ஆறு குழாய்க்கும் சேர்த்து எழுதும்போதுதான் கிராஸ்மேட்ச் (ஏற்றும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்ற சோதனை) மாறுகிறது.

கேஸ்ஷீட்:
சிஸ்டர் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் யூனிட்டுக்கு நாலு ஹவுஸ் சர்ஜன் என்றால், மூன்று ஷிப்டாகப் பிரித்தபின் இரவில் ஒருவர்தான் மிஞ்சுவார். அவர் சாம்பிளோடு ரத்தவங்கிக்கு ஓடினால் வார்டில் யார்? முதலில் சாம்பிள் கொண்டுபோக ஆள் போடட்டும்.

சோதனைக்குழாய்:
ஆள் வரும்வரை, நாலு பேரில் இருவர் 12 முதல் 3 வரை, மற்ற இருவர் 3 முதல் 6 வரை தூங்கலாமே. அதற்கு ஆர்டர் எதுவும் வேண்டாம், யூனிட் சீஃப் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.