அவசரம்: விரல் பேரிங்கில் மாட்டிக்கொண்டது, வரமாட்டேன் என்கிறது

ஸ்டாண்ட்பை_தம்பி, இரவு 11:52
அண்ணன்மாரே, விரல் பேரிங்குக்குள் மாட்டிக்கொண்டது. ஒரு மணி நேரமாக இழுக்கிறேன். தேங்காய் எண்ணெய் போட்டாச்சு, சோப்பும் போட்டாச்சு. காலை 6 மணிக்கு ரோல்கால், அதற்குள் எடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள், டூட்டியில் இருக்கிறேன்.

கணபதி_லேத், 11:58
பேரிங் நம்பர் என்னங்க? பக்கவாட்டில் பொறித்திருக்கும். அது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஈரோடு_நைட்_டூட்டி, 12:01
எந்த விரல்? எந்த நிறத்தில் இருக்கிறது? மரத்துப் போயிருக்கிறதா? முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். இழுக்க இழுக்க வீங்கத்தான் செய்யும்.

காங்கயம்_காளை, 12:03
என்ன டூட்டி? மில்லா?

முன்னாள்_ஹவில்தார்_சத்தி, 12:09
ரோல்கால் என்கிறான், ஸ்டாண்ட்பை என்று பெயர் வைத்திருக்கிறான், மில்லா என்று கேட்கிறீர்கள். பட்டாளத்துப் பையன். தம்பி, 22 வருஷம் சர்வீஸ் போட்டவன் சொல்கிறேன். டூட்டியில் போனை எடுத்து உலகத்துக்கே சொல்வது விரல் மாட்டியதைவிடப் பெரிய தப்பு. எங்கள் காலத்தில் ஸ்டாண்ட்பை என்றால் பூட்ஸைக்கூடக் கழற்ற மாட்டோம்.

ஸ்டாண்ட்பை_தம்பி, 12:14
நம்பர் விரலுக்கு அடியில் போய்விட்டது, படிக்க முடியவில்லை. ரிகவரி வண்டியில் ஸ்டாண்ட்பை. ராத்திரி எங்காவது வண்டி நின்றுவிட்டால் போன் வரும், 15 நிமிஷத்தில் கிளம்ப வேண்டும். ரூமில் ஃபேன் கரகரவென்று கத்தியது. சும்மாதானே இருக்கிறோம் என்று கழற்றி பேரிங்கை எடுத்தேன். விரலில் மாட்டிச் சுற்றிவிட்டால் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்தேன். அவ்வளவுதான்.

அவிநாசி_ரோடு, 12:16
ஆடிக் காத்து இந்தப் போடு போடுகிறது, ஃபேன் எதுக்குங்க?

ஸ்டாண்ட்பை_தம்பி, 12:17
கொசு.

முன்னாள்_ஹவில்தார்_சத்தி, 12:20
ரிகவரி என்றால் இஎம்இ, பட்டாளத்து வண்டி, மெஷினெல்லாம் ரிப்பேர் பார்க்கிற பிரிவு. ‘கர்ம் ஹி தர்ம்’, செயலே தர்மம் என்று எழுதிப்போட்ட கோர். 1943இல் தொடங்கிய கோர். அதில் ஒரு கிராஃப்ட்ஸ்மேன், மெக்கானிக் ஜவான், ஃபேன் பேரிங்கில் விரலை விட்டான் என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஈரோடு_நைட்_டூட்டி, 12:22
அண்ணா, சித்த நேரம் கழித்துத் திட்டிக்கொள்ளலாம். தம்பி, எந்த விரல் என்று இன்னும் சொல்லவில்லை.

ஸ்டாண்ட்பை_தம்பி, 12:25
இடது கை சுண்டு விரல். சிவந்து தடித்திருக்கிறது. உணர்வு இருக்கிறது. வெளி வளையத்தைப் பிடித்துத் திருகினால் பேரிங் ஜம்மென்று சுற்றுகிறது, உள் வளையம் அப்படியே நிற்கிறது.

கணபதி_லேத், 12:29
பேரிங் அதன் வேலையைச் செய்கிறது! வெளி வளையத்தைத் தொடாதே, உள் வளையத்தின் ஓரத்தை நகத்தால் பிடி. சுண்டு விரல் என்றால் 6202 ஆகத்தான் இருக்கும். உள் விட்டம் 15 மில்லி, வெளி 35, அகலம் 11. கடைசி இரண்டு இலக்கம்தான் உள் விட்டக் கணக்கு: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02க்கு 15, 03க்கு 17. 04இலிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்.

காங்கயம்_காளை, 12:31
ஹேக்சா பிளேடு இருந்தால் அறுத்துவிடலாமே.

கணபதி_லேத், 12:33
அறுக்காதுங்க. பேரிங் இரும்பின் கடினம் 60 ஹெச்ஆர்சி வரும், பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். வைஸில், அதான் பட்டறை இடுக்கியில், வைத்து வெளி வளையத்தை உடைத்து, குண்டுகளை எடுத்துவிட்டு, உள் வளையத்தை சின்ன கிரைண்டர் கல்லால் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டலாம். பட்டறையில் ஒருமுறை செய்திருக்கிறேன்.

ஈரோடு_நைட்_டூட்டி, 12:35
தனியாக உட்கார்ந்து வைஸில் விரலை வைக்கவே கூடாது. தெறிக்கிற சில்லு கண்ணில் போகும். வெட்டித்தான் எடுக்கணும் என்றால் 101க்கு அடித்து ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்கள், மோதிரம் மாட்டியவர்களுக்கெல்லாம் அவர்கள்தான் எடுத்துவிடுகிறார்கள்.

ஸ்டாண்ட்பை_தம்பி, 12:37
கேட்டில் ஃபயர் வண்டி வந்து நின்றால் நான் ஊருக்கே போய்விடுகிறேன்.

காங்கயம்_காளை, 12:38
எங்கள் மாமா பேரிங்கை ஹேக்சாவில்தான் அறுத்தார். கண்ணால் பார்த்தேன்.

கணபதி_லேத், 12:40
அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு அறுத்திருப்பார். அப்போது இளகிவிடும். விரலோடு காய்ச்சச் சொல்கிறீர்களா?

அவிநாசி_ரோடு, 12:42
டூப்ளிகேட் பேரிங்காக இருந்தாலும் அறுக்கும். இப்போது டப்பாவைப் பார்த்தால் அசலா போலியா என்று தெரிவதே இல்லை. போன மாதம் மோட்டாருக்கு வாங்கியது பத்து நாளில் கத்த ஆரம்பித்தது.

கணபதி_லேத், 12:44
பில் இல்லாமல் வாங்கினால் அப்படித்தான்.

அவிநாசி_ரோடு, 12:45
பில் போட்டுத்தாங்க வாங்கினேன்.

திருப்பூர்_ஓவர்லாக், 12:51
பேரிங் கடை சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, நூல் இருக்கிறதா? காட்டன் வேண்டாம், அறுந்துவிடும். பாலியஸ்டர் அல்லது நைலான். ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஐந்து நிமிஷம், ஐஸ் தண்ணீர் ஐந்து நிமிஷம். ஷாம்பு பாக்கெட்டை மெல்லிய பட்டையாக நறுக்கி, நூல் முனையை அதில் மடக்கி, பேரிங்குக்கு அடியில் உள்ளங்கைப் பக்கம் தள்ளு. மீதி நூலைப் பேரிங்கை ஒட்டியே ஆரம்பித்து, இடைவெளி விடாமல், நகத்தை நோக்கி இறுக்கமாகச் சுற்று. முட்டி தாண்ட வேண்டும். பிறகு உள்ளங்கைப் பக்கத்து முனையை நகத்தை நோக்கி இழுத்துக்கொண்டே பிரி. நூல் பிரியப் பிரிய வளையம் நகரும். எங்கள் லைனில் ஒரு பெண்ணுக்கு மோதிரத்தை இப்படித்தான் எடுத்தோம்.

ஈரோடு_நைட்_டூட்டி, 12:54
இது சரியான வழி. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் நூலை இறுக்கி வைக்காதீர்கள். நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, நீலமாகிறது, மரத்துப் போகிறது என்றால் நூலும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம், நேராக எம்ஐ ரூம், அதான் உங்கள் யூனிட் மருத்துவ அறை.

ஸ்டாண்ட்பை_தம்பி, 12:57
எம்ஐ ரூமில் எப்படி ஆச்சு என்று கேட்பார்களே. என்ன சொல்வது?

முன்னாள்_ஹவில்தார்_சத்தி, 1:02
உண்மையைச் சொல். டூட்டிக்குப் போகாமலிருக்க வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டால் 1950 ராணுவச் சட்டம் 46ஆவது பிரிவு இருக்கிறது, தெரியுமா?

திருப்பூர்_ஓவர்லாக், 1:04
ஏனுங்க, வேண்டுமென்றே யாராவது ஃபேன் பேரிங்கில் விரலை விடுவார்களா?

முன்னாள்_ஹவில்தார்_சத்தி, 1:06
சட்டத்தைச் சொன்னேன். யூனிஃபார்ம் தைக்கிற ஊசி நூல் டப்பா ஒவ்வொரு ஜவானிடமும் இருக்க வேண்டும். அதில் நைலான் நூல் இருக்கும். போய்ப் பார்.

ஸ்டாண்ட்பை_தம்பி, 1:21
நூல் கிடைத்தது, பச்சை. பாதி சுற்றிவிட்டேன், ஒரு கையால் கஷ்டமாக இருக்கிறது. போன் அடிக்கிறது

காங்கயம்_காளை, 1:40
என்னாச்சு?

ஈரோடு_நைட்_டூட்டி, 2:15
தம்பி, நூலோடு கிளம்பிவிட்டீர்களா? பாதி சுற்றிய நூலை அப்படியே விடக்கூடாது. பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அவிநாசி_ரோடு, 2:20
அண்ணா, பில்லை எடுத்துப் பார்த்தேன். 6203 என்றுதான் போட்டிருக்கிறது.

கணபதி_லேத், 2:31
நம்பர் சரியாகத்தான் இருக்கும். போலி போடுகிறவனுக்கு நம்பரா தெரியாது? எழுத்து அச்சைப் பாருங்கள், அசலில் லேசர் மாதிரி மெலிசாக இருக்கும்.

ஸ்டாண்ட்பை_தம்பி, மாலை 4:38
வந்துவிட்டது. போன் வந்ததும் நூலைப் பிரித்துவிட்டேன். பைபாஸ் போகிற வழியில் வண்டிக்குள்ளேயே மறுபடி சுற்றி, டிரைவர் அண்ணன் இழுத்தார். முட்டியில் தோல் கொஞ்சம் உரிந்தது. ரோல்காலில் நின்றேன், யாரும் கவனிக்கவில்லை. ஆனால் டிரைவர் மெஸ்ஸில் சொல்லிவிட்டார், இப்போது எல்லோருக்கும் நான் சிக்ஸ்டி டூ நாட் டூ. லேத் அண்ணன் சொன்ன நம்பர்தான். பேரிங்கைத் திரும்ப ஃபேனில் போட்டுவிட்டேன், பழைய சத்தம் அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

கணபதி_லேத், 4:50
எண்ணெயும் சோப்பும் உள்ளே போயிருக்குமே. பெட்ரோலில் கழுவி கிரீஸ் வைத்தாயா?

கணபதி_லேத், இரவு 9:15
தம்பி?