பாலிஸ்டைரீன் துகள்களிலிருந்து நீலச் சாயம் பிரிந்து படிகிறது

நீர் சார்ந்த அச்சு மைக்காக, எண்ணெயில் கரையும் சால்வென்ட் புளூ 35 என்ற நீலச் சாயத்தை ஸ்டைரீனில் (பாலிஸ்டைரீனாக இணையும் மோனோமர், அதாவது சிறு மூலக்கூறு) கரைத்து, மினிஎமல்ஷன் முறையில் (நீரில் நுண்துளிகளாகச் சிதறடித்து, அத்துளிகளையே பாலிமராக்கும் முறை) துகள்களாக்க இரண்டு மாதங்களாக முயன்று வருகிறேன். 20 கிராம் ஸ்டைரீனுக்கு 1 கிராம் சாயம், துளிகள் நிலைத்திருக்க 0.8 கிராம் ஹெக்ஸாடெக்கேன், 0.4 கிராம் எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசைல் சல்பேட் என்ற பரப்புச் செயலி), 80 கிராம் நீர் என்பது என் அளவு. பனிக்கட்டிக் குளியலில் மீயொலியால் 10 நிமிடம் சிதறடித்தபின், நைட்ரஜன் சூழலில் 70 டிகிரி செல்சியஸில் 6 மணி நேரம் பாலிமராக்குகிறேன்.

முதல் நாள் 120 நானோமீட்டர் துகள்களுடன் சீராக இருக்கும் கலவையின் அடியில், மூன்றாம் நாள் ஊசி போன்ற நீலப் படிகங்கள் தங்குகின்றன. சாயத்தை 0.4 கிராமாகக் குறைத்தபோது படிகம் குறைந்தது. ஆனால் நிறமும் வெளிறியதால் அதில் பயனில்லை. பாலிமராக்கலைத் தொடங்கிவைக்கும் பொட்டாசியம் பெர்சல்பேட்டுக்குப் பதிலாக, எண்ணெயில் கரையும் தொடக்கியான ஏ.ஐ.பி.என். இட்டும், ஹெக்ஸாடெக்கேனை இருமடங்காக்கியும் மாற்றமில்லை. மோனோமரில் கரையும் அளவுக்குச் சாயம் பாலிமரில் கரைவதில்லை என்றே ஐயுறுகிறேன்.

சாயத்தின் அளவைக் குறைக்காமல் இப்படிகமாதலைத் தடுக்க, ஸ்டைரீனுடன் எந்த இணைமோனோமரை (உடன் சேர்ந்து பாலிமராகும் மற்றொரு மோனோமர்) எந்த விகிதத்தில் சேர்க்க வேண்டும்?